நூத்துக்கு அஞ்சு

வைகாசி 2, வெள்ளி

இந்த டைரியைக் கொடுத்தது தாராபுரத்துத் தீவனக் கடைக்காரன். அட்டையில் ஒரு வெள்ளைக்கோழி மூட்டைமேல் ஏறி நின்று சிரிக்கிறது. இனி அவன் கடை வாசலை மிதிக்க மாட்டேன் என்று அவன் கொடுத்த டைரியிலேயே முதல் வரி எழுதி வைக்கிறேன்.

நேற்று என் மகன் தங்கராசு திருப்பூரிலிருந்து சொல்லாமல் வந்துவிட்டான். நான் அந்த நேரம் பார்த்துப் பஸ் நிறுத்தத்திலிருந்து தீவன மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தேன். பழைய சேலையை மூட்டைக்கு அடியில் விரித்து முந்தியைப் பிடித்து இழுத்தால் வண்டி மாதிரி வரும். வாய்க்கால் மேட்டில் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். நான் விழுந்துவிட்டதாக அவன் சொல்கிறான். நான் விழவில்லை, உட்கார்ந்தேன்.

“போதும்மா. கோழியெல்லாம் வித்துப்போட்டு எங்கூட வந்துருங்க.”

“கோழியை வித்தா நான் என்னத்தடா செய்வேன்?”

“சும்மா இருங்க.”

எழுபத்தோரு வயதில் முதன்முதலாக ஒருவன் என்னைச் சும்மா இருக்கச் சொல்கிறான். அவன் வீடு மூன்றாவது மாடியில். நாலு வருஷத்துக்கு முன் அங்கே ஒன்பது நாள் இருந்தேன். அந்த ஒன்பது நாளில் மருமகள் என்னிடம் எத்தனை வார்த்தை பேசினாள் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

“ஆடி பதினெட்டுக்கு வா. கடைத் தீவனம் ஒரு பிடி வாங்காம, ஒரே நாள்ல பத்து முட்டை எடுத்துக் காட்டறேன். காட்டலீன்னா, நானே பெட்டியைக் கட்டிட்டு உன்ற வண்டில ஏறிக்கறேன்.”

“பேச்சு மாற மாட்டீங்களே?”

நான் யார் என்று தெரியாமல் கேட்கிறான்.

பெட்டை முப்பது, சேவல் இரண்டு. இன்றைக்கு முட்டை எட்டு.

வைகாசி 5, திங்கள்

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கயல்விழி கூட்டம் போட்டாள். மர இலையைக் காயவைத்துத் தூளாக்கித் தீவனத்தில் கலக்கச் சொல்லிக் கொடுத்தாள். நிழலில் காய வேண்டும், வெயிலில் போட்டால் சத்து போய்விடும். கையில் கசக்கினால் நொறுங்க வேண்டும், பச்சை நிறம் மாறக் கூடாது. கம்பும் மக்காச்சோளமும் என் காட்டிலேயே விளைகிறது. மூட்டைத் தீவனம் சத்துக்குத்தான். அந்தச் சத்து இலையில் இருக்கிறதாம். கொஞ்சம் கருவாட்டுத் தூளும் புண்ணாக்கும் சேர்த்தால் போதுமாம். இலை கனமில்லை. அதை நான் இழுக்க வேண்டியதில்லை.

“நூத்துக்கு அஞ்சு சவுண்டல், அஞ்சு முருங்கை. பத்துக் கிலோ கலந்தீங்கன்னா அதுல அரைக் கிலோ, இதுல அரைக் கிலோ. முருங்கை கூடக்கொறைய இருக்கலாம். சவுண்டல் மட்டும் அஞ்சைத் தாண்டக் கூடாதுங்கம்மா. தெனமும் என்ன போட்டீங்க, எத்தனை முட்டைன்னு எழுதுங்க.”

நான் மூன்றாம் வகுப்பு. எழுதுவேன் என்றேன்.

வாய்க்கால் ஓரம், ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற சவுண்டல் ஏழு மரம் நிற்கிறது. முருங்கைதான் இல்லை என்றேன்.

“ஏனுங்கம்மா, உங்க வேலிக்கு அந்தப் பக்கம் தோப்பாட்ட நிக்குதே?”

டாக்டரம்மா கண்ணாடி மாற்ற வேண்டும். அந்தப் பக்கம் நிற்பது ஒரே மரம். அதுவும் என் கண்ணுக்குத் தெரியாது.

வைகாசி 6, செவ்வாய்

அந்தப் பக்கம் என் ஓரம்படியாள் மயிலாத்தாள் காடு. என் கொழுந்தன் பெண்டாட்டி. இருபத்தாறு வருஷமாக அவளோடு பேச்சில்லை. நடுவில் கிளுவை வேலி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. வேலியில் போகவர ஒரு படல் கதவு உண்டு. அதில் கொடி ஏறிக் கிடக்கிறது.

என் வீட்டு வாசலிலும் ஒரு காலத்தில் முருங்கை இருந்தது. கிளையை வெட்டி நட்டால் தழைக்குமே, அந்தப் போத்து ஒன்றை என் அம்மா கல்யாணத்தன்று வண்டியில் கட்டிக் கொடுத்தாள். எட்டு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்தபோதும் அது காய்த்தது. என் வீட்டுக்காரர் இறந்த ஐப்பசியில் காற்றுக்கு விழுந்துவிட்டது.

சவுண்டல் ஒடித்துக் கட்டாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிட்டேன். முட்டை ஏழு.

வைகாசி 10, சனி

இலை காய்ந்தது. சாக்கில் போட்டு அடித்து, சலித்தேன். தூள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது.

அரைக் கிலோ சவுண்டல், அரைக் கிலோ முருங்கை என்றாள். ஆக மொத்தம் ஒரு கிலோ இலை. ஒரு கிலோ போட்டேன். இலை இலைதானே.

என் மாமியார் வெள்ளாட்டுக்கு ஒரு கட்டுக்கு மேல் சவுண்டல் போட விடமாட்டாள். ஏன் என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அவளிடம் நான் கேட்காதது நிறைய இருக்கிறது.

வைகாசி 11, ஞாயிறு

தின்னவில்லை. கிளறிவிட்டு என்னைப் பார்க்கின்றன. சாம்பலி என்று ஒரு பெட்டை, மந்தைக்கே நாட்டாமை. அவள் தட்டை எட்டி உதைத்தாள். புளித்த கம்மங்கூழ்த் தண்ணீர் தெளித்துப் பிசைந்து வைத்தேன். தட்டை நக்கிவிட்டார்கள்.

முட்டை எட்டு.

வைகாசி 23, வெள்ளி

இன்றைக்கு ஒரு முட்டையை உடைத்தேன். மஞ்சள் கரு செம்பருத்தி மாதிரி சிவந்து நிற்கிறது! கரண்டியால் தள்ளினாலும் உடைய மாட்டேன் என்கிறது. மயிலாத்தாள் கீரிக்குப் பயந்து கோழிகளை வலைக்குள் அடைத்து நொய்யரிசி போட்டு வளர்க்கிறாள் என்று பால்காரன் சொன்னான். அவள் முட்டையின் கரு மோரில் விழுந்த எலுமிச்சை விதை மாதிரி இருக்குமாம். நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

முட்டை ஒன்பது. இன்னும் ஒன்றுதான்.

வைகாசி 25, ஞாயிறு

அவள் முருங்கையில் ஒரு கிளை வேலி தாண்டி என் பக்கம் நீட்டியிருக்கிறது. அரிவாளால் ஒரே வெட்டு. வெட்டி அவள் பக்கமே வீசினேன். வருஷா வருஷம் செய்வதுதான். என் காட்டில் அவள் நிழல் விழக் கூடாது.

முட்டை ஒன்பது.

ஆனி 2, திங்கள்

கொட்டகையில் இறகாகக் கிடக்கிறது. கூட்டி அள்ளினால் ஒரு முறம். வெயில் காலம் அல்லவா.

முட்டை ஏழு.

ஆனி 5, வியாழன்

வெயில் இல்லை. பேன். சாம்பல் தூவினேன், வேப்பிலைப் புகை போட்டேன்.

முட்டை ஐந்து.

ஆனி 8, ஞாயிறு

பேனும் இல்லை. கண்ணேறு. இந்த முட்டையைப் பார்த்து எரிகிறவள் யார் என்று எனக்குத் தெரியும். மிளகாயும் உப்பும் மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டேன். நெடியே இல்லை. நெடி வராவிட்டால் கண்ணேறு பலமாக இருக்கிறது என்று அர்த்தம்.

எதற்கும் இருக்கட்டும் என்று தூளை இன்னும் ஒரு பிடி கூட்டினேன். கோழிக்குத் தெம்பு வேண்டும்.

முட்டை மூன்று.

தங்கராசு போனில் கேட்டான், “கோழி முட்டை போடுதாம்மா?”

“போடுது.”

பொய் சொல்லவில்லை. எத்தனை என்று அவன் கேட்கவில்லை.

ஆனி 11, புதன்

சாம்பலிக்குக் கழுத்தில் ஒரு இறகு இல்லை. முதுகு தெரிகிறது. சந்தையில் உரித்துத் தொங்கவிட்டது கால் முளைத்து நடந்து வந்த மாதிரி இருக்கிறாள். மற்றதெல்லாம் அதற்குக் கொஞ்சம் தேவலை. முட்டை இல்லை. நேற்றும் இல்லை.

திருப்பூரில் அந்த மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னல் உண்டு. அதைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல்.

ஆனி 12, வியாழன்

தடுப்பூசி போட வந்த டாக்டரம்மா கொட்டகையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னங்கம்மா இது!”

“கண்ணேறுங்க.”

“இலைத்தூள் எவ்வளவு போட்டீங்க?”

“நீங்க சொன்ன மாதிரியேதான். நூத்துக்குப் பத்து.”

“பத்தா? எந்த எலை?”

நான் சேவலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா. எந்த எலை?”

“சவுண்டல்.”

“பத்தும் சவுண்டலா? முருங்கை எங்கே?”

“எங்கிட்ட ஏது முருங்கை?”

டாக்டரம்மா சின்னப் பெண். என் பேத்தி வயது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “சவுண்டல் எலைல ஒரு நஞ்சு இருக்குதுங்கம்மா. அளவுக்கு மேல போனா றெக்கை கொட்டும், முட்டை நின்னு போகும். அதுக்குத்தான் அஞ்சைத் தாண்டாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கண்ணேறு இல்லை. உங்க கைதான்.”

சவுண்டலை அடியோடு நிறுத்தச் சொன்னாள். முருங்கை மட்டும் போட்டால் ஒரு மாதத்தில் முட்டை திரும்பும், இறகு மெல்ல வரும் என்றாள். ஆடி பதினெட்டுக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள்.

போகும்போது வேலியை ஒரு பார்வை பார்த்தாள். அதையும் நான் மறக்கப்போவதில்லை.

ஆனி 14, சனி

பஸ் ஏறிச் சந்தைக்குப் போனேன். இருந்த முருங்கைக்கீரை முழுக்க வாங்கினேன். காயவைத்தால் இரண்டு கைப்பிடிக்கு மேல் தேறாது. முழங்கால் வீங்கிவிட்டது.

ஆனி 15, ஞாயிறு

சாம்பலி தின்னவில்லை. சுவரைப் பார்த்து நிற்கிறாள். மற்றவை அவளைச் சுற்றி நிற்கின்றன. தட்டை உதைக்கக்கூட மாட்டேன் என்கிறாள்.

உதைத்திருந்தால் நான் நாளைக்கு வேலிக்கு அந்தப் பக்கம் போக மாட்டேன்.

ஆனி 16, திங்கள்

காலையில் படலில் ஏறிக் கிடந்த கொடியை அரிவாளால் அறுத்தேன். படல் அப்படியே என் மேல் சாய்ந்தது. பிடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனேன்.

மயிலாத்தாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. கூன் விழுந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் வாளி கையிலிருந்து விழுந்தது.

“அக்காளா?”

“கோழிக்கு முருங்கை எலை வேணும்.”

“உள்ள வாங்கக்கா, ஒரு வாய் மோரு...”

“மோருக்கு வரலை. எலை தருவியா மாட்டியா, அதைச் சொல்லு.”

“எந்த மரத்துல வேணும்?” என்று சொல்லிச் சிரித்தாள். பல் இரண்டுதான் பாக்கி. “மொதல்ல அந்த அருவாளைக் கீழ வைங்க. அருவா இல்லாம உங்களை நான் பாத்ததே இல்லை.”

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். வேலி ஓரமாக வரிசையாக முருங்கை. எண்ணினேன். பதினொன்று. ஒன்றுக்கொன்று ஏழடி விட்டு, நூல் பிடித்த மாதிரி. டாக்டரம்மா கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது.

“ஏது இத்தனை?”

“எல்லாம் நீங்க வீசினதுதான்.”

“நான் எதுக்கு உனக்கு வீசறேன்?”

“வருசா வருசம் கிளையை வெட்டி இந்தப் பக்கம் வீசுவீங்களே. முருங்கைப் போத்து வந்து விழுந்தா நடாம என்ன பண்றது? அடுப்புக்கும் ஆகாது. சிலது பட்டுப்போச்சு, பதினொன்னு பொழச்சுது. மூத்தது அதா அந்தக் கோடில நிக்குது பாருங்க. அது உங்க வாசல்ல இருந்தது. வெட்டித் தடத்துல தள்ளிட்டுப் போனீங்க. ஒரு கொப்பைப் பொறுக்கிட்டு வந்து நட்டேன்.”

காற்றுக்கு விழுந்தது என்று முன்னே எழுதியிருக்கிறேன். காற்று இல்லை. நான்தான் வெட்டினேன். என் வீட்டுக்காரர் இறந்த பதினாறாம் நாள் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது, “வாசல்ல முருங்கை வெச்சா வீட்டுக்கு ஆகாதுன்னு அப்பவே சொன்னேன்” என்று இவள் வாய் திறந்தாள். நாற்பது பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானே கொன்ற மாதிரி பார்த்தார்கள். யார் யார் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். மறுநாள் விடிந்ததும் வெட்டினேன். வெட்டும்போது என் அம்மா ஞாபகம் வந்தது. அதற்காக நிறுத்தவில்லை.

“அந்த வார்த்தையைச் சொன்னதும் நீதானே?” என்றேன்.

அவள் வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். “சொன்னேன். வாயில சனி. வாசல்ல ஆகாதுன்னுதான் சொன்னேன், மரமே ஆகாதுன்னா சொன்னேன்? மக்யா நாளு காலைல மன்னாப்புக் கேக்கலாம்னு வந்தேன். நீங்க அருவாளும் கையுமா மரத்துகிட்ட நின்னீங்க. எவளுக்குத் தைரியம் வரும்?”

“அதுக்கு இருவத்தாறு வருசமா?”

“வருசா வருசம் வேலிகிட்ட அருவாளோடதானேக்கா வந்தீங்க!”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. சிரித்தால் மன்னித்த மாதிரி ஆகிவிடும்.

மூத்த மரத்தில் ஒரு இலை கிள்ளி மென்றேன். என் அம்மா வீட்டு ருசி. கொஞ்சம் கசந்து, பின்னால் இனிக்கும். அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“இது எம்மரம்” என்றேன். “அதனால நான் உங்கிட்டக் கேக்கலை. எடுத்துக்கறேன்.”

“எடுத்துக்கங்க. அதுக்குத்தான் தொரட்டியைச் சாத்தி வெச்சிருக்கறேன்” என்றாள்.

ஆனி 20, வெள்ளி

முருங்கைத் தூள் தயார். இந்த முறை தராசில் வைத்து அளந்தேன். பத்துக் கிலோவுக்கு அரைக் கிலோ. ஒரு இலை கூட அதிகமில்லை.

சாம்பலி நாலு கொத்துக் கொத்தினாள்.

ஆனி 29, ஞாயிறு

சாம்பலி தட்டை உதைத்தாள்! முட்டை இரண்டு.

மயிலாத்தாள் தினமும் தொரட்டியால் ஒடித்துப் படலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிறாள். நான் அவள் போன பிறகு போய் எடுக்கிறேன். அவளுக்கும் முழங்கால் வலிதான். நான் கேட்கவில்லை, நடையில் தெரிகிறது.

ஆடி 8, வியாழன்

முட்டை ஆறு. சாம்பலி கழுத்தில் முள் முள்ளாக இறகு முளைக்கிறது. தடவிப் பார்த்தேன், கொத்திவிட்டாள். நல்ல பிள்ளை.

ஆடி 14, புதன்

எட்டு.

ஆடி 17, சனி

எட்டு. நாளைக்கு இரண்டு கூட வேண்டும். கோழிகளிடம் சொல்லியிருக்கிறேன். பந்தயத்தைப் பால்காரன் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறான்.

ஆடி 18, ஞாயிறு

தங்கராசு பத்து மணிக்கே வந்துவிட்டான். கார் டிக்கியைக் காலி செய்துகொண்டு வந்திருக்கிறான். அதையும் பார்த்தேன்.

வந்தவன் கொட்டகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். “ஏம்மா, பாதிக் கோழி அம்மணமா நிக்குது?”

“வெயிலுக்கு.”

பதினொரு மணிக்கு ஏழு முட்டை. பன்னிரண்டுக்கு எட்டு. சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன், ஒன்பது. அதற்கப்புறம் ஒரு பெட்டைகூடக் கூடைப் பக்கம் போகவில்லை. மூன்றாகிவிட்டது. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நான் சாம்பலியைப் பார்த்தேன். அவள் குப்பையில் கிளறிக்கொண்டிருந்தாள்.

“ஒன்னுதானேம்மா கம்மி. மனசு விட்ராதீங்க. அங்கே பால்கனில ரெண்டு ரோஜாச்செடி வெச்சுக்கலாம்.”

நான் எழுந்து உள்ளே போனேன். பெட்டியை எடுத்தேன். பேச்சு மாறுகிறவள் இல்லை நான். இரண்டு சேலை மடித்து வைத்தேன்.

படல் நகரும் சத்தம். மயிலாத்தாள் குரல்.

“தங்கராசு! ஏஞ்சாமி, எப்ப வந்தே? அக்கா, உங்க கோழி ஒன்னு என்ற வைக்கப்போருக்குள்ள வந்து வெச்சிட்டுப் போயிருக்குது. இந்தாங்க. இன்னுஞ் சூடு ஆறலை.”

தங்கராசு வாயைப் பிளந்தான். முட்டையைப் பார்த்ததைவிட, அவன் சித்தியை என் வாசலில் பார்த்ததுதான் அவனுக்கு அதிர்ச்சி. முட்டையை வாங்கினான். கூடையில் வைத்தான். எண்ணினான். மறுபடி எண்ணினான்.

“பத்து” என்றான்.

“பின்னே?” என்றேன். மடித்த சேலையை எடுத்துக் கொடியில் போட்டேன்.

ஆறு மணி பஸ்ஸுக்குப் பின்னாலேயே அவன் கார் போயிற்று. டிக்கி காலியாகத்தான் போயிற்று.

ஆடி 19, திங்கள்

காலையில் அந்தப் பத்தாவது முட்டையை உடைத்தேன்.

மஞ்சள் கரு வெளுத்துக் கிடந்தது. மோரில் விழுந்த எலுமிச்சை விதை. நொய்யரிசிக் கோழி போட்ட முட்டை.

திருடி. பொய்காரி. என் வீட்டில் வந்து என் மகன் முன்னால் எவ்வளவு துணிச்சலாகப் பொய் சொல்லிவிட்டுப் போனாள்! இதையும் சேர்த்து வைத்துக்கொள்கிறேன்.

முட்டையைப் பொரித்துத் தின்றேன். உப்பு சரியாக இருந்தது.

ஆடி 20, செவ்வாய்

முட்டை பதினொன்று. சாம்பலி போட்டது அதில் ஒன்று. தங்கராசுக்குப் போன் போட்டேன்.

“அன்னிக்கு என்ற கோழி போட்டது ஒன்பதுதான். ஒன்னு உங்க சித்தி கோழி முட்டை. இன்னிக்குப் பதினொன்னு. ரெண்டையுங் கூட்டி ரெண்டாப் பிரி. எத்தனை?”

அவன் வாய்க்குள் கூட்டுவது கேட்டது. அப்புறம் சிரித்தான். “பத்தும்மா.”

“அப்போ நான் எங்கேயும் வரலை. வெச்சிரு.”

பிறகு ஒரு கிலோ முருங்கைத் தூளைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு, படலைத் தள்ளிக்கொண்டு போனேன். அரிவாள் கொண்டுபோகவில்லை. மயிலாத்தாள் என் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

“உன்ற கோழி முட்டை சோகை புடிச்சாப்பல கெடக்குது. ஊருக்கே கேவலம். இதைக் கலந்து போடு.”

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பிடிபட்டுவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முடிச்சை வாங்கி மோந்து பார்த்தாள்.

“எவ்வளவுக்கா போடோணும்?”

“நூத்துக்கு அஞ்சு. அதுக்கு மேல ஒரு சிட்டிகை போட்டீன்னாலும் உன்ற கையை ஒடிச்சுப் போடுவேன்.”

“போட்டா என்ன ஆகும்?”

“சொன்னதைச் செய்” என்று சொல்லிவிட்டு வந்தேன். படலைச் சாத்தவில்லை. சாய்ந்து கிடக்கிற படலை எப்படிச் சாத்துவது?